அதே ஈட்டிதான் வேண்டும்! - லுவோ மக்களைப் பற்றி ஒரு பி.காம். மாணவனின் குறிப்புகள்

2025 பருவமழை சமயத்தில் என் அறைத்தோழனின் குடையைத் தொலைத்துவிட்டேன். கோயம்புத்தூரில் டவுன் பஸ்ஸில் குடையைத் தொலைப்பது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. மறுநாளே 300 ரூபாய்க்கு ஒரு புதுக்குடை வாங்கிக் கொடுத்தேன். பழையதைவிட நல்ல குடை. அவன் அதை விரித்துப் பார்த்தான், மடக்கினான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இது வேண்டாம். எனக்கு அதே குடைதான் வேண்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் கடகடவென்று சிரித்துவிட்டு, "பயப்படாதே மச்சி, எங்க ஊர்ல ஒரு கதை இருக்கு" என்றான். அன்றைக்கு ஆரம்பித்த கதைதான் இந்தக் கட்டுரை வரைக்கும் வந்து நிற்கிறது.

அவன் கென்யாக்காரன். கிசுமு நகரத்துக்குப் பக்கத்தில் ஊர். லுவோ இனம். பெயரைச் சொல்ல மாட்டேன். இரவில் பிறந்தவன் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன், கொஞ்ச நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் :-)

ஒரு ஈட்டி, ஒரு மணி

கதை இதுதான். அண்ணன் தம்பி இரண்டு பேர். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். உகாண்டா பக்கம் கிபிர், லபோங்கோ என்பார்கள். ஒருநாள் தினைக் கொல்லைக்குள் யானை புகுந்துவிட்டது. அவசரத்தில் கையில் கிடைத்த ஈட்டியை எடுத்து ஒருவன் வீசினான். அது அவன் சகோதரனுடைய ஈட்டி. குத்துப்பட்ட யானை ஈட்டியோடு ஓடிப்போய்விட்டது.

"என் ஈட்டி எங்கே?" என்றான் உடைமைக்காரன். வேறு ஈட்டி தருகிறேன் என்றான், இவன் கேட்கவில்லை. இரண்டு தருகிறேன், மாடு தருகிறேன் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தான். "அதே ஈட்டிதான் வேண்டும்." வேறு வழியில்லாமல் யானைகளின் நாடு வரைக்கும் போய்த் தேடி, அங்கே ஒரு கிழவியின் தயவால் அதே ஈட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். வரும்போது கிழவி சில பாசிமணிகளும் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நாள் கழித்து, ஈட்டிக்காரனின் குழந்தை விளையாட்டாக ஒரு மணியை விழுங்கிவிட்டது. இப்போது இவன் முறை. "அதே மணிதான் வேண்டும்." குழந்தையின் வயிற்றைக் கிழித்து மணியை எடுத்துக் கொடுத்தார்கள் என்று முடிகிறது கதை. அதோடு சகோதரர்கள் நைல் நதிக்கரையில் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பக்கம், இன்னொரு கூட்டம் மறுபக்கம். லுவோ வழி வந்த மக்கள் ஏன் இத்தனை நாடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் காரணம் இது.

நான் படிப்பது வணிகவியல். எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பது, ஒரு நூறு ரூபாய்க்கு இன்னொரு நூறு ரூபாய் ஈடு என்பதுதான். நோட்டு எண்ணைப் பார்த்து யாரும் கடன் திருப்பிக் கேட்பதில்லை. ஈடு என்ற ஒன்று இல்லையென்றால் வியாபாரமே இல்லை. அதனால் இந்தக் கதை எனக்கு முட்டாள்தனமாகப் பட்டது. ஆனால் லுவோ மக்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவர்களுடைய பாதிச் சரித்திரமே 'எதற்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை' என்ற இந்தச் சண்டைதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

சதுப்பு நிலத்திலிருந்து ஏரிக்கரைக்கு

முதலில் யார் இவர்கள்? கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரியைச் சுற்றி வாழ்பவர்கள். ஏரிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நாம் லொல்வே. 2019 மக்கள்தொகைக் கணக்குப்படி கென்யாவில் மட்டும் சுமார் 50 லட்சம் பேர். அந்நாட்டின் நான்காவது பெரிய இனம். தான்சானியாவின் வடக்கிலும் இருக்கிறார்கள். பேசும் மொழி தோலுவோ. உகாண்டாவின் அச்சோலி, அலூர், பதோலா மக்களும், தெற்கு சூடானின் ஷில்லுக் மக்களும் இவர்களுக்குப் பங்காளிகள்.

இன்றைய தெற்கு சூடானின் பஹ்ர் எல் கசல் பக்கத்துச் சதுப்பு நிலங்களிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பி, தலைமுறை தலைமுறையாக நைல் ஓரமாகவே நடந்து, சுமார் 500 வருஷத்துக்கு முன்னால் இந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அழைத்து வந்த மூதாதை பெயர் ரமோகி. சியாயா பகுதியில் அவர் பெயரிலேயே ஒரு மலை இருக்கிறது. அதுதான் கென்ய மண்ணில் அவர்களுடைய முதல் குடியிருப்பு என்பது மரபு.

இதை எல்லாம் எழுதி வைத்தது யார்? யாரும் எழுதி வைக்கவில்லை. பெத்வெல் ஆலன் ஒகோட் என்ற லுவோ சரித்திர ஆசிரியர் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களை உட்கார வைத்து வம்சாவளிகளைக் கேட்டார். தாத்தா, அவருடைய தாத்தா, அவருக்கும் தாத்தா என்று தலைமுறைகளை எண்ணிக் கணக்குப் போட்டு, 1967-ல் தெற்கு லுவோக்களின் வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். வாய்மொழியை எல்லாம் சரித்திரம் என்று ஏற்கமுடியுமா என்று பல்கலைக்கழகங்களில் சந்தேகப்பட்ட காலம் அது. 2025 ஜனவரியில் அவர் காலமானார்.

லுவோ என்றால் ரத்தவழி மட்டும்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஏரியில் ருசிங்கா, ம்பாங்கானோ என்று தீவுகள் உண்டு. அங்கே இருந்த சுபா மக்கள் வேறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பெண் கொடுத்து, பெண் எடுத்து, மெல்ல மெல்ல தோலுவோ பேச ஆரம்பித்து, கடைசியில் பெரும்பாலும் லுவோக்களாகவே ஆகிவிட்டார்கள். கென்ய அரசியலில் லுவோக்களின் பெரிய நட்சத்திரமாக இருந்த டாம் ம்போயாவே பூர்வீகத்தில் சுபாதான்!

பெயரே கடிகாரம்

இவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது பெயர் வைக்கும் முறை. ஜாதகமே தேவையில்லை. பெயரைச் சொன்னாலே பிறந்த நேரம் தெரிந்துவிடும்.

விடிகாலையில் பிறந்தால் ஒமோண்டி. வெயில் ஏறும் நேரம் என்றால் ஒன்யாங்கோ. உச்சி வெயிலில் ஒச்சியெங். பொழுது சாயும்போது ஒதியாம்போ. இரவில் ஒட்டியெனோ. (கண்டுபிடித்தாயிற்றா?) மழை பெய்யும்போது பிறந்தால் ஒகோத். பெண் குழந்தை என்றால் முதலெழுத்தை மட்டும் மாற்றினால் போதும்: அமோண்டி, அச்சியெங், அட்டியெனோ, அகோத். இரட்டைக் குழந்தைகளில் முதலில் வந்தவன் ஒபியோ, பின்னால் வந்தவன் ஒடோங்கோ. இரட்டையருக்கு அடுத்துப் பிறந்தவன் ஒகெல்லோ. பஞ்ச காலத்தில் பிறந்த பாவத்துக்கு ஒருவன் ஆயுசுக்கும் ஒகெச்.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவின் தாத்தா பெயர் ஒன்யாங்கோ. ஆக, எந்த வேளையில் பிறந்தார் என்று நமக்குத் தெரியும். பிறந்த வருஷம்தான் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள்!

வெள்ளைக்காரப் பாதிரியார்களுக்கு இந்தப் பெயர்கள் போதவில்லை. ஞானஸ்நானம் என்றால் பைபிள் பெயர்தான் என்றார்கள். அப்படித்தான் ஒகிங்கா ஒடிங்கா என்ற இளைஞருக்கு ஒபதியா அதோனியா என்று இரண்டு பெயர்கள் வந்து சேர்ந்தன. பிற்பாடு மனிதர் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டார். தன் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்யப் போனபோதும் ஆப்பிரிக்கப் பெயர்கள்தான் என்று பிடிவாதமாக நின்றார். அதில் ஒரு பிள்ளையின் பெயர் ரைலா. இந்த அப்பாவையும் பிள்ளையையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.

கொஞ்சம் பந்தா, நிறையப் பெருமை

கென்யாவில் லுவோக்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் ஜோக்குகள் ஏராளம். எல்லாம் ஒரே ரகம்தான்: பந்தா. கையில் காசு இருக்கிறதோ இல்லையோ, கோட்டு சூட்டு மடிப்புக் கலையாது. ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் நாலு பெரிய இங்கிலீஷ் வார்த்தை வரும். படித்த பட்டம் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் இருந்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இந்த ஜோக்குகளை அதிகம் சொல்வது லுவோக்களே. என் நண்பன் காலை எட்டு மணி வகுப்புக்கு இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாகக் கிளம்புவான். நான் லுங்கியை மாற்றுவதற்குள் ஹாஜர் எடுத்து முடித்துவிடுவார்கள்.

இந்தப் பந்தாவுக்கென்றே ஒரு கலை வைத்திருக்கிறார்கள். பெயர் பக்ருவோக். நியாதிதி என்ற எட்டு நரம்பு யாழோ, பெங்கா இசைக்குழுவோ இரவில் வாசித்துக்கொண்டிருக்கும். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து பாடகரிடம் காசு கொடுப்பார். பாட்டு நிற்கும். உடனே அவர் தன்னைத்தானே புகழ ஆரம்பிப்பார். நான் யார் தெரியுமா, இன்னாருடைய மகன், இன்ன ஊர் மாப்பிள்ளை, என் சிநேகிதர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் தெரியுமா என்று அடுக்கு மொழியில் அள்ளி விடுவார். முடிந்ததும் பாட்டு தொடரும். அடுத்தவர் காசோடு எழுவார். விளம்பரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதை இவர்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தர வேண்டியதில்லை :-)

கால்பந்திலும் இதே கதை. 1968-ல் ஆரம்பித்த கோர் மஹியா அணி லுவோக்களின் உயிர். ஒரு மந்திரவாதியின் பெயரில் கால்பந்து அணி வைத்தவர்கள் வேறு யாராவது உண்டா தெரியவில்லை! 1987-ல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்றவர்களுக்கான போட்டியில் துனிசியாவின் எஸ்பெரான்ஸ் அணியைத் தாண்டிப் பட்டம் வென்றார்கள். அதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால் இனப் பெயர் தாங்கிய சங்கங்களும் அணிகளும் கூடாது என்று கென்ய அரசு உத்தரவு போட்டது. சரி என்று தலையாட்டிவிட்டு 'கல்ஃப் ஒலிம்பிக் ரேஞ்சர்ஸ்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள். இங்கிலீஷில் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள், 'கோர்' என்று வரும்! இவர்களுக்கும் லுஹ்யா மக்களின் லெப்பர்ட்ஸ் அணிக்கும் நடக்கும் ஆட்டத்துக்கு 'சம்பந்திகள் ஆட்டம்' மாதிரி ஒரு சுவாஹிலிப் பெயர். இரண்டு இனத்துக்கும் அவ்வளவு கொள்வினை கொடுப்பினை.

2008-ல் ஒபாமா ஜெயித்தபோது கென்ய அரசு நவம்பர் 6-ஐ விடுமுறையாக அறிவித்தது. 'செனட்டர்' என்ற மலிவு விலை பீருக்கே மக்கள் ஒபாமா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்போது ஊரெல்லாம் சுற்றிய ஜோக் இது: கென்யாவுக்கு முன்னால் அமெரிக்காவுக்கு லுவோ ஜனாதிபதி கிடைத்துவிட்டார்!

சிரித்து முடித்ததும் கொஞ்சம் சுருக்கென்று குத்தும் ஜோக் அது. ஒகிங்கா ஒடிங்கா சுதந்திர கென்யாவின் முதல் துணை ஜனாதிபதி. 1966-ல் கட்சிக்குள் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார். டாம் ம்போயா 1969 ஜூலை 5 அன்று நைரோபி வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் அக்டோபரில் கிசுமுவில் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவுக்கு வந்த கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ரைலா ஒடிங்கா 1997 முதல் 2022 வரை ஐந்து முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்றதாக அறிவிக்கப்பட்டார்.

கேலியும் எப்போதும் கேலியாகவே நிற்பதில்லை. லுவோக்களின் பழைய வழக்கம், பருவ வயதில் கீழ்வரிசை முன்பற்கள் ஆறைப் பிடுங்குவது. அண்டை இனங்களைப் போலச் சுன்னத்து செய்வதில்லை. அதை வைத்து 'இவர்கள் இன்னும் பையன்கள், நாடாள லாயக்கில்லை' என்று மேடைகளில் பேசினார்கள். 2007 தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரத்தில் லுவோ ஆண்களைப் பிடித்துக் கத்தியால் அறுத்த கொடுமைகளும் நடந்தன. இதை எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு அந்த இஸ்திரிச் சட்டையும் பளபளக்கும் ஷூவும் எனக்கு வேறு மாதிரித் தெரிகின்றன.

கசப்புப் பணம்

இனி என் பாடத்துக்கு வருகிறேன்.

கிசுமு என்ற பெயரே பண்டமாற்று நடக்கும் இடம் என்ற பொருளில் வந்தது என்கிறார்கள். 1901 டிசம்பரில் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை அங்கே வந்து சேர்ந்தது. பாதை போட்டவர்களில் சுமார் 32,000 பேர் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோகப்பட்டவர்கள். ரயிலின் பின்னாலேயே குஜராத்திக் கடைக்காரர்கள் வந்தார்கள். கொஞ்ச காலத்தில் கிசுமுவின் கடைவீதி முழுக்க இந்தியர்கள் கையில்.

ஏன் நம்மால் முடியாது என்று கேட்டவர் நமது ஒகிங்கா ஒடிங்கா. வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, 1940-களின் பிற்பகுதியில் லுவோ சேமிப்பு வணிகக் கழகம் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க எங்கெங்கே லுவோத் தொழிலாளிகள் இருந்தார்களோ அங்கெல்லாம் போய்ப் பங்கு விற்றார். அச்சகம், கடை, கட்டிடம் என்று கை வைத்தார். லாபத்தைவிட, 'நம்மாலும் முடியும்' என்று காட்டுவதுதான் முதல் நோக்கம். பக்ருவோக்கைக் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1953-ல் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தியாவில் இரண்டு மாதங்கள் என்று புத்தகமும் எழுதினார்.

ஆக, லுவோக்களுக்குப் பணம் புரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எல்லாப் பணமும் ஒன்று என்று அவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. பார்க்கர் ஷிப்டன் என்ற மானுடவியலாளர் 1989-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 'பெசா மாகெச்', அதாவது கசப்புப் பணம் என்று ஒரு வகை அவர்களிடம் உண்டு. பூர்வீக நிலத்தை விற்ற பணம் கசப்பு. தங்கம், புகையிலை, கஞ்சா விற்ற பணமும் கசப்பு. வீட்டுச் சேவலை விற்ற காசுகூடக் கசப்புதான்! இந்தப் பணத்தில் பெண்ணுக்குப் பரிசமாக மாடு வாங்கிக் கொடுத்தால் மாடு செத்துப்போகும், குடும்பம் விளங்காது. சடங்கு செய்து கசப்பை எடுத்தால்தான் உண்டு.

தங்கம் சரி, நிலம் சரி. சேவல் ஏன்? அந்தக் குடியிருப்புக்கு உடையவனின் அடையாளமே சேவல்தான். அதை விற்பது தன்னையே விற்பது மாதிரி.

ஏரி மீனிலும் இதே கணக்குத்தான் என்று நண்பன் சொல்வான். 1950-களில் ஏரியில் கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் என்ற ராட்சத மீன், அங்கேயே பிறந்த சின்ன மீன் இனங்களில் பலவற்றைத் தின்று தீர்த்தது. அந்த மீனின் சதை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி ஆயிற்று. சதையை வழித்தபின் மிஞ்சிய முள்ளும் தலையும் உள்ளூர்ச் சந்தையில் பொரித்து விற்கப்பட்டன. "பெர்ச் என்பது பணம். ங்கெகெதான் மீன்" என்பான் அவன். ங்கெகெ அவர்களுடைய பழைய திலாப்பியா. ஈடாகாதாம். எங்கள் மெஸ்ஸில் போடும் மீன் குழம்பைப் பற்றி அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வீடு வேறு, டாலா வேறு

இப்போது மிக முக்கியமான விஷயம். லுவோ மொழியில் ஓட் என்றால் வீடு, கட்டிடம். டாலா என்றால் குடியிருப்பு, நாம் 'சொந்த ஊர்' என்று சொல்லும்போது மனதில் வருமே, கிட்டத்தட்ட அது. வீட்டை எங்கே வேண்டுமானாலும் கட்டலாம், வாங்கலாம், விற்கலாம். டாலாவை அப்படி முடியாது. ஒருவன் தனக்கென்று டாலா போடுவதற்குச் சடங்கு உண்டு. மனைவியையும் மூத்த மகனையும் கூட்டிக்கொண்டு, சேவலும் கோடாலியும் நெருப்புமாகப் புது இடத்துக்குப் போக வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே முதல் மனைவியின் வீடு. மற்ற மனைவிகள் இருந்தால் வலமும் இடமுமாக. பிள்ளைகளின் குடிசை வாசல் பக்கம். அதற்குப் பெயர் சிம்பா. (சிங்கம் இல்லை, அது சுவாஹிலி!) சிம்பா போடாமல் ஒருவன் செத்துப்போனால், அடக்கம் செய்வதற்கு முன்னால் அவசர அவசரமாக ஒரு சின்னக் குடிசையாவது கட்டுவார்கள். செத்த பிறகாவது அவனுக்கென்று ஓர் இடம் வேண்டாமா?

ஆகவே டாலா எது என்பதற்கு ஒரே ஒரு சோதனைதான்: நீ எங்கே புதைக்கப்படுவாய்?

இந்தக் கேள்வி 1987-ல் கோர்ட்டுக்கே போனது. எஸ்.எம். ஒட்டியெனோ (ஆமாம், அதே பெயர்) நைரோபியில் பிரபலமான வக்கீல். 1986 டிசம்பர் 20 அன்று இறந்துபோனார். மனைவி வாம்புயி, கிகுயு இனத்தின் பெரிய குடும்பத்துப் பெண், சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். நைரோபிக்குப் பக்கத்தில் தாங்கள் வாழ்ந்த பண்ணை நிலத்தில் கணவரை அடக்கம் செய்யப்போவதாகச் சொன்னார். கணவருடைய உமிரா காகெர் குலத்தார் முடியாது என்றார்கள். சியாயாவில் உள்ள ந்யால்குங்கா கிராமத்தில், முன்னோர்கள் பக்கத்தில்தான் என்றார்கள்.

வாம்புயியின் வக்கீல் வாதாடியது: ஒட்டியெனோ நவீன மனிதர், ஷேக்ஸ்பியர் படித்தவர், டிவியில் பெர்ரி மேசன் பார்த்தவர், பதிவுத் திருமணம் செய்துகொண்டவர். அவரைக் குல வழக்கம் எப்படிக் கட்டும்? குலத்தாரின் பதில்: அவருக்கு நைரோபியில் இருந்தது வீடு. டாலா அல்ல. சாட்சிக் கூண்டில் தத்துவப் பேராசிரியரும் ஏறினார், குழி வெட்டுபவரும் ஏறினார். பேப்பர்கள் தினமும் பக்கம் பக்கமாக எழுதின. கடைசியில் மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1987 மே 23, அதாவது இறந்து 154 நாள் கழித்து, ந்யால்குங்காவில் அடக்கம் நடந்தது. வாம்புயி போகவில்லை.

இங்கேதான் எனக்குக் கதையின் கடைசிப் பகுதி ஞாபகம் வருகிறது. அதே ஈட்டி வேண்டும் என்பதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ஆனால் அதே மணிக்காக வயிற்றைக் கிழிக்கப்பட்ட குழந்தையும் அந்தக் கதையில்தான் இருக்கிறது. 1963 முதல் கூட வாழ்ந்த மனைவிக்குக் கணவனைப் புதைக்கும் இடத்தில் ஒரு சொல்லும் இல்லை என்று சொன்ன தீர்ப்பு அது. கென்யாவின் 2010 அரசியல் சாசனம், தனக்கு முரணான வழக்கங்கள் செல்லாது என்கிறது. இதை நண்பனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க அம்மாவும் இதைத்தான் சொல்லும்" என்றான்.

கேரளாவில் ஒரு காலை

2025 அக்டோபர் 15, புதன்கிழமை. அந்த வாரம் எங்கள் விடுதியில் யாரும் படிக்கவில்லை. திங்கட்கிழமை தீபாவளி. எல்லாரும் ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தோம்.

காலையில் நண்பன் போனைப் பார்த்தபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரைலா ஒடிங்கா இறந்துவிட்டார். அதுவும் எங்கே? எங்களுக்கு அரை நாள் பயண தூரத்தில், எர்ணாகுளம் மாவட்டம் கூத்தாட்டுக்குளத்தில். ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்திருந்தவர், காலை நடைப்பயிற்சியில் மயங்கி விழுந்து போய்விட்டார். வயது 80. மகளின் கண் சிகிச்சைக்காக முன்பே அவருக்குப் பழகிய இடம்தான் அது. அப்பா 1953-ல் சுற்றிப் பார்த்துப் புத்தகம் எழுதிய நாட்டில், மகனுடைய கடைசி நடை முடிந்திருக்கிறது.

ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் முதலில் கேட்டது இதுதான்: "எப்போ கொண்டு போவாங்க?"

மறுநாளே உடல் நைரோபி போய்ச் சேர்ந்தது. விமான நிலையத்துக்குள் ஜனவெள்ளம் புகுந்தது. அஞ்சலிக்கு வைத்த மைதானத்தில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போய்த் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 17-ம் தேதி நைரோபியில் அரசு மரியாதை. 18-ம் தேதி கிசுமு. லுவோ வழக்கப்படி பெரிய மனிதரின் சாவு என்றால் வாரக்கணக்கில் நடக்கும். இவரோ தன்னை மூன்று நாளுக்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம். கடைசி நேரத்திலும் பழையதில் கொஞ்சம் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் எங்கே என்பதில் மாற்றம் இல்லை. 19-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, போண்டோவில், அப்பாவின் டாலாவில்.

நண்பனை விடுதியில் தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. தாராபுரம் பக்கத்தில் எங்கள் ஊருக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து போனில் அடக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அப்பத்தா எட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, ஆரது செத்துப்போனது?"

"அவங்க ஊர்ப் பெரிய தலைவர் அப்பத்தா. கேரளாவுல வந்து இறந்துட்டாரு."

"அடக் கடவுளே. எங்க பொதைக்கறாங்க?"

"அவரோட ஊர்லதான். அவங்க அப்பா பக்கத்துல."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவள் மாவைப் பிசையப் போய்விட்டாள். எஸ்.எம். ஒட்டியெனோ வழக்கில் 154 நாள் பேசியதை இவள் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டாளே என்று நினைத்துக்கொண்டேன். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் நண்பன் அந்த நான்கு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். அப்பத்தா எந்த நேரத்தில் பிறந்தாள் என்று கேட்கச் சொன்னான், பெயர் வைக்க வேண்டுமாம்.

"அதெல்லாம் ஆருக்குத் தெரியும்? களை வெட்டற காலத்துல பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"அடோயோ!" என்றான் உடனே. களையெடுக்கும் பருவத்தில் பிறந்த பெண்ணுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இப்போது அவன் போன் செய்யும்போதெல்லாம் அடோயோ எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்கிறான். அப்பத்தாவும் அந்தப் பெயருக்கு 'என்ன சாமி' என்று பதில் சொல்கிறாள்.

சொல்ல மறந்துவிட்டேன். தொலைந்த அந்தக் குடை கிடைக்கவே இல்லை. புதுக்குடையை அவன்தான் வைத்திருக்கிறான். ஆனால் 'உன் குடையை எடுத்துக்கறேன்' என்று சொல்லித்தான் இன்னமும் எடுத்துப் போகிறான்.